முப்பத்தெட்டு புள்ளி மூன்று

காலை ஷிப்டுக்குக் கிளம்பிய மாஸ்டரின் மனைவி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஹாரனுக்கு டெம்பரேச்சர் எடுத்து காலண்டர்ல எழுதிடுங்க. எனக்கு நேரமாயிடுச்சு."

"நானா?"

"பின்ன, அதுவே எடுத்துக்குமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

ஹாரன் அந்த வீட்டு நாய். வீட்டின் முன்னறைதான் டிரைவிங் ஸ்கூல். ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சாலைக் குறிகள் வரைந்த ஓர் அட்டை, வெளியே ஒரே ஒரு கார். யார் படியேறினாலும் நாய் சரியாக இரண்டு தடவை குரைக்கும். அதோடு கடமை முடிந்தது என்று படுத்துவிடும். படிக்க வந்த யாரோ விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இது அதற்கு முதல் பிரசவம். ஸ்கேனில் ஐந்து குட்டிகள் தெரிந்தன. சனிக்கிழமை வாக்கில் போடும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். அன்று செவ்வாய்.

மனைவி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க எண்களோடு புழங்குகிறவள். பத்து நாளாகக் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் நுனியில் வாஸலின் தடவி, நாயின் வாலைத் தூக்கி, இரண்டு நிமிடம் பிடித்து, எண்ணைக் காலண்டரில் எழுதி வந்தாள். முப்பத்தெட்டு டிகிரிக்கு மேலே இருக்கும்வரை அவசரமில்லை, முப்பத்தேழரைக்குக் கீழே இறங்கிவிட்டால் ஒரு நாளுக்குள் பிரசவம் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்த கணக்கு அது.

மாஸ்டர் தெர்மாமீட்டரையும் வாஸலின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். ஹாரன் மேஜைக்கடியில் கிடந்தது. மூலையில் கட்டி வைத்திருந்த பழைய சீட் கவர்களை எப்போதோ இழுத்துக் கொண்டுவந்து, காலால் பிறாண்டிக் குவித்து வைத்திருந்தது. மாஸ்டர் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். நாய் அவரைப் பார்த்தது. அவர் நாயைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர், அந்த வாலைத் தூக்கத் துணிச்சல் இல்லாமல் எழுந்துவிட்டார்.

காலண்டரில் நேற்றுக் காலை 38.4, மாலை 38.2 என்று மனைவியின் கையெழுத்தில் இருந்தது. கொஞ்சம் யோசித்தார். 38.3 என்று எழுதினார். நடுவில் நிற்கும் எண் யார் கண்ணையும் உறுத்தாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொய்யை உலகத்திலேயே நன்றாக அறிந்தவர் அவர்தான். "கண்ணாடி பாத்தியா?" என்று கேட்டால் "பாத்தேன் மாஸ்டர்" என்று பார்க்காமலே சொல்லும் பொய்யை இருபத்திரண்டு வருடமாகப் பிடித்து வருகிறார். யார் எப்போது பயப்படப்போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். பயம் முதலில் கால் கட்டைவிரலில் வரும் என்பார். அது விறைப்பதைப் பார்த்ததும், தன் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அவர் மிதித்துவிடுவார். அந்தக் காரில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

பத்து மணிக்குக் கர்ட்டன்காரம்மா வந்தார். திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கும் கடை அவருடையது. சாமான் ஏற்றும் வேனைக் கணவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயில் அவருக்குக் கண் மங்கிப்போய், வேன் எட்டு மாதமாக வாசலில் தூசி படிந்து நிற்கிறது. அதனால்தான் நாற்பத்தெட்டு வயதில் இந்த அம்மாள் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். மூன்று தடவை டெஸ்ட் கொடுத்து மூன்று தடவையும் தோற்றிருந்தார். நான்காவது அடுத்த வாரம்.

படியேறி உள்ளே வந்தவர் நின்றார்.

"என்ன மாஸ்டர், ஹாரன் அடிக்கவே இல்ல?"

"தூங்குதும்மா."

"தூங்கல. முழிச்சுதான் இருக்கு." பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் குனிந்து மேஜைக்கடியில் பார்த்தார். நாய் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சீட் கவரைப் பிறாண்டி, படுத்து, மறுபடி எழுந்தது. திரும்பித் தன் பின்பக்கத்தை, அங்கே யாரோ தட்டியதுபோலப் பார்த்தது. வாய் திறந்து வேகமாக மூச்சு வாங்கியது. தொடை மெல்ல நடுங்கியது.

"காலைல சாப்பிட்டுச்சா?"

மாஸ்டர் கிண்ணத்தைப் பார்த்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. "வெயிலுக்கு அப்படித்தான் சாப்பிடாது."

"மாஸ்டர், இது இன்னைக்கே குட்டி போட்டுடும்."

"சேச்சே, சனிக்கிழமைம்மா. டாக்டரே சொல்லியிருக்காங்க."

"டாக்டர் சொன்னது ஹாரனுக்குத் தெரியுமா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது. எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று எஞ்சின் கதறிச் சொன்னாலும் காதில் வாங்காத அம்மாள், தன் வீட்டு நாயைப் பற்றித் தனக்கே பாடம் எடுக்கிறாரே என்று தோன்றியது. காலண்டரைக் காட்டினார். "பாருங்க, காலைல முப்பத்தெட்டு புள்ளி மூணு. முப்பத்தேழரைக்குக் கீழ வந்தாதான் கணக்கு."

அந்த அம்மாள் காலண்டரைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ வந்து, போய்விட்டது.

"நீங்க சொன்னா சரி மாஸ்டர்," என்றார்.

இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அன்றைய பாடம் வழக்கத்தைவிட மோசம். வளைவில் கட்டைவிரல் விறைத்தது, மாஸ்டர் மிதித்தார். குறுக்கே சைக்கிள் வந்தது, மாஸ்டர் மிதித்தார். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். மூன்று டெஸ்டிலும் அந்த அம்மாளைக் கவிழ்த்தது இது மாதிரி ஓர் ஏற்றம்தான். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் நகரத் தொடங்கியது. அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்கு முன்பே மாஸ்டரின் கால் இறங்கிவிட்டது.

"போதும் மாஸ்டர். திரும்பிடலாம்," என்றார் அந்த அம்மாள். "எனக்கு மனசே இங்க இல்ல."

முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். கதவைத் திறந்ததும் வித்தியாசமான வாடை அடித்தது. ஹாரன் பக்கவாட்டில் கிடந்து, கால்களை விறைத்து முக்கிக்கொண்டிருந்தது. அதற்கடியில் சீட் கவர் நனைந்திருந்தது. பாசி நிறத்தில், கரும்பச்சையாக ஓர் ஈரம். குட்டி எதுவும் இல்லை.

மாஸ்டர் மனைவிக்குப் போன் செய்தார். வேலை நேரத்தில் அவள் போன் லாக்கரில் இருக்கும் என்பது தெரிந்தும் இரண்டு தடவை செய்தார். பிறகு கால்நடை டாக்டரின் கிளினிக்குக்குச் செய்தார். டாக்டரே எடுத்தார்.

"பச்சையா வந்திருக்கா? குட்டி வந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"எவ்வளவு நேரமா முக்குது?"

"தெரியல. நாங்க இங்க இல்ல."

"குட்டிக்கு முன்னால பச்சை வரக் கூடாது சார். காத்திருக்காதீங்க. உடனே கொண்டு வாங்க."

கர்ட்டன்காரம்மா ஒரு துண்டை விரித்து நாயைத் தூக்கப் போனார். ஹாரன் உறுமிப் பல்லைக் காட்டியது. இரண்டாவது தடவை கை வைத்தபோது கடிக்கவே வந்தது. மாஸ்டர் குனிந்ததும் அடங்கியது. அவர் கைக்குள் மட்டும்தான் வந்தது. தூக்கிக் காருக்குக் கொண்டுபோய்ப் பின் சீட்டில் கிடத்தினார். அவர் கையை எடுத்ததும் அது கீழே குதிக்க எழுந்தது. மறுபடி பிடித்தார். மறுபடி விட்டுப் பார்த்தார். முடியவில்லை. வாடகை வண்டிக்குப் போன் செய்தால், நாயை ஏற்றமாட்டோம் என்றார்கள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க பின்னாடி உக்காருங்க மாஸ்டர்," என்றார் அந்த அம்மாள். "சாவியக் குடுங்க."

இருபத்திரண்டு வருடத்தில், படிக்க வந்த ஒருவர் ஓட்ட, மாஸ்டர் பின் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முன் சீட்டில் அவருடைய பிரேக் யாருடைய காலும் இல்லாமல் இருந்தது. சட்டப்படி அது குற்றம் என்பதும் அவருக்குத் தெரியும். மடியில் ஹாரனின் தலை இருந்தது. வண்டி புறப்பட்டது.

முதல் திருப்பத்தில் அவர் கால் தானாகவே தரையை மிதித்தது. அங்கே ரப்பர் விரிப்புதான் இருந்தது. வண்டி நிற்கவில்லை. அந்த அம்மாள் தானே வேகத்தைக் குறைத்துத் திரும்பினார். கடைத்தெருவில் ஒரு லாரி, பார்க்காமல் கொள்ளாமல் ரிவர்ஸில் இவர்களை நோக்கி வந்தது. மாஸ்டர் கத்த வாயெடுத்தார். அதற்குள் கார் நின்றுவிட்டது. எஞ்சினும் அணைந்துபோனது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் தலையை நீட்டி, "வீட்ல அடுப்பப் பத்த வெச்சுட்டு வந்து ஓட்டறீங்களா?" என்று கேட்டான்.

"பத்த வெக்கல, அணைச்சுட்டுதான் வந்தேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்த அம்மாள் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது.

அப்போது ஹாரனின் உடம்பு முழுவதும் ஒரு தடவை இறுகித் தளர்ந்தது. மாஸ்டர் குனிந்து அதன் வயிற்றில் கை வைத்தார். கல்போல இறுகுவதும் இளகுவதும் விரலுக்குத் தெரிந்தது. ஓர் இறுக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று எண்ணத் தொடங்கினார். நாய் அவர் மணிக்கட்டை நக்கியது. காலையில் இதே நாயின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தபோது, இதைத்தானே அது சொல்லிக்கொண்டிருந்திருக்கும் என்று நினைத்தார். குவித்த துணி, தொடாத சாப்பாடு, அந்தப் பார்வை. எல்லாம் கண்ணெதிரே இருந்தன. கட்டைவிரலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் ஒன்றும் படவில்லை.

நிமிர்ந்தபோது மேம்பாலம் வந்திருந்தது. ஏற்றத்தின் நடுவில் வண்டிகள் வரிசையாக நின்றன. இவர்களும் நின்றார்கள். முட்டும் தூரத்தில் பின்னால் ஒரு கறுப்புக் கார். வரிசை நகர்ந்தது. அந்த அம்மாள் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தார். அவர் தோள் மேலே ஏறி இறங்குவதை மாஸ்டர் பார்த்தார். வண்டி ஒரு சாண் பின்னால் போனது. மாஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். எஞ்சினின் சத்தம் கனத்தது, வண்டி ஒரு கணம் காற்றில் தொங்கியது போல நின்றது, பிறகு முன்னால் போனது.

"போயிடுச்சு மாஸ்டர்," என்றார் அந்த அம்மாள், நம்ப முடியாதவர் போல.

"போங்க, போங்க, ரோட்டப் பாத்துப் போங்க," என்றார் மாஸ்டர்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். முதல் குட்டி தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வழியில் சிக்கியிருந்தது. மாஸ்டர் நாயின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் பதினைந்து நிமிடம் பேசாமல் வேலை செய்தார். வெளியே வந்த குட்டி பெரியது. துடைத்தார், தேய்த்தார், வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்தார். பிறகு ஒரு துணியில் சுற்றித் தனியாக வைத்தார்.

"மத்த நாலுக்கும் இதயம் துடிக்குது. இனிமே தானா வரும், பாக்கலாம்," என்றவர் கைகழுவியபடியே கேட்டார். "டெம்பரேச்சர் எப்ப இறங்குச்சு? இன்னைக்குக் காலைல எவ்வளவு இருந்துச்சு?"

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். முப்பத்தெட்டு புள்ளி மூன்று என்று சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். சில நாய்களுக்கு அப்படியும் இருக்கும் என்று டாக்டரே சொல்லியிருப்பார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மாஸ்டர் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை.

"காலைல நான் எடுக்கல டாக்டர். எடுத்த மாதிரி எழுதி வெச்சேன்."

கர்ட்டன்காரம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. துணியில் சுற்றியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்திருந்தா காலைலயே தெரிஞ்சிருக்கும்," என்றார் டாக்டர். கொஞ்சம் நிறுத்தி, "தெரிஞ்சிருந்தாலும் இந்தக் குட்டி பொழைச்சிருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. பொழைச்சிருக்கலாம். தலை திரும்பினதுக்கு நீங்க காரணம் இல்ல," என்றார்.

அதில் எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

வெளியே காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே ஒருவர் கூண்டில் கிளியோடு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து மாஸ்டர் கேட்டார்: "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? வீட்ல நாய் வளத்தீங்களா?"

"இல்ல. எனக்கு நாய்னாலே பயம்." அந்த அம்மாள் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். "எங்க மாமியாருக்கு ஏழு வருஷம் பேச்சு இல்ல மாஸ்டர். பக்கவாதம். படுக்கையிலதான். கால் விரல மடக்கினா தாகம். போர்வை நுனிய இழுத்து இழுத்து விட்டா எங்கயோ வலி. வாயில்லாதவங்கள ஏழு வருஷம் பாத்தா, அப்புறம் யாரப் பாத்தாலும் அப்படித்தான் பாக்கத் தோணும்."

கிளி ஏதோ சொன்னது. அதன் சொந்தக்காரர் "சும்மா இரு" என்றார்.

"கடைசியா ஒரு நாள் அவங்க பார்வை வேற மாதிரி இருந்துச்சு. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. வந்து பாத்த டாக்டர், பிரஷர் நல்லாருக்கு, ஒண்ணும் பயமில்லன்னாரு. நீங்க சொன்னா சரி டாக்டர்னேன். மறுநாள் சாயங்காலம் போயிட்டாங்க." முறுக்கிய வாரை விட்டார். "இன்னைக்குக் காலைலயும் அதையேதான் சொன்னேன். உங்க நம்பர் பொய்யின்னு எனக்குத் தெரியாது. ஆனா நாய் பொய் சொல்லலன்னு தெரியும். தெரிஞ்சும் நின்னு சொல்லல. உங்க தப்புல எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு மாஸ்டர்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா."

"இருக்கு. இருக்கட்டும். அப்பத்தான் அடுத்த தடவை நின்னு சொல்வேன்."

மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மூணு தடவை நீங்க ஃபெயிலானதுக்கு நான்தான் காரணம். வண்டி ஒரு அங்குலம் நகர்றதுக்குள்ள நான் மிதிச்சுடறேன். நகந்தா என்ன பண்ணணும்னு நீங்க கத்துக்க நான் விட்டதே இல்ல. டெஸ்ட்ல என் கால் பக்கத்துல இல்ல."

அந்த அம்மாள் யோசித்தார். "நான்கூட எனக்கு மண்டைல ஏறலன்னுல்ல நினைச்சேன்," என்றார். பிறகு, இதற்குக் கோபப்படத்தான் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியவர் போல, "எட்டு மாசமா வேன் சும்மா நிக்குது மாஸ்டர்!" என்றார்.

மாலை நான்கு மணிக்குள் நாலு குட்டிகளும் வந்துவிட்டன. இரண்டு பழுப்பு, ஒன்று கறுப்பு, ஒன்றுக்கு நான்கு காலும் வெள்ளை. கடைசிக் குட்டி வரும்போது மாஸ்டரின் மனைவி, ஷிப்ட் முடிந்து போனில் இடம் கேட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீருடையோடேயே வந்து சேர்ந்தாள். குட்டிகளை எண்ணினாள். துணி மூட்டையைப் பார்த்தாள். எதுவும் கேட்பதற்கு முன்னால் மாஸ்டர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கும்வரை அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த நாய் முடியை எடுத்துப் போட்டாள்.

"கூச்சமா இருந்துச்சா?"

"ம்."

"முடியலன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. அந்த இடத்த காலியா விட்டிருந்தாக்கூட போதும்ங்க. காலியா இருந்தா எடுக்கலன்னு அர்த்தம். என் வேலைல நாங்க பயப்படறதே இதுக்குத்தான். தப்பான நம்பர்கூடப் பரவால்ல, எடுக்காத நம்பர்தான் ஆளக் கொல்லும்."

அவர் தலையாட்டினார். பிறகு அவள் வேறு குரலில், "நீங்க செய்யமாட்டீங்கன்னு எனக்குள்ள தோணுச்சு. தோணியும் செருப்ப மாட்டிட்டுப் போயிட்டேன். பத்து நிமிஷம் லேட்டாப் போனா உலகம் முழுகிடாது," என்றாள். இருவரும் உள்ளே போய்க் குட்டிகள் பால் குடிப்பதைப் பார்த்தார்கள். கறுப்புக் குட்டி ஒவ்வொரு தடவையும் தவறான பக்கம் நகர்ந்தது. மனைவி ஒரு விரலால் அதைத் திருப்பி விட்டுக்கொண்டே இருந்தாள்.

இறந்த குட்டியை மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால், மதில் ஓரம் புதைத்தார்கள்.

அடுத்த வாரத்து டெஸ்டை மாஸ்டர் பத்து நாள் தள்ளிப்போட்டார். மூடிக்கிடந்த ஒரு மில்லின் முற்றத்தில் கர்ட்டன்காரம்மாவை ஓட்ட விட்டு, தான் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் காலி டிரம் ஒன்று நசுங்கியது. மூன்றாம் நாள் காரின் இடது பக்கம் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. அந்த அம்மாள் இறங்கி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயோ மாஸ்டர்" என்றார். "சரி, ஏறுங்க," என்றார் அவர். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அவர் அதற்கு முன்பு நினைத்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இரண்டு முழங்காலும் வலிக்கும்.

டெஸ்ட் அன்று அவர் மைதானத்து வேலிக்கு வெளியே நின்றார். அந்த அம்மாளின் கால் அங்கிருந்து தெரியாது. ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் பின்னால் வந்தது, பிறகு போனது. அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தார். காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டே வெளியே வந்தவர், மாஸ்டரிடம் வருவதற்கு முன் ஓரமாக நின்று கணவருக்குப் போன் செய்தார். பேசி முடித்துவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நிஜமாவான்னு ரெண்டு தடவை கேட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்புறம், வர்ற வழியில வேனுக்கு டீசல் வாங்கிட்டு வான்னாரு."